படகு எஞ்சின் கரி கக்குகிறதா? நொசிலைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அதற்கு முந்திய மாதங்களில் டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அன்றிலிருந்து வடக்கு, கிழக்குக் கரையோரக் குடும்பங்களின் கணக்கில் எரிபொருள்தான் முதற்செலவு. பிடித்த மீனின் விலையை யாரோ தீர்மானிக்கிறார்கள். எரிபொருளின் விலையையும் யாரோ தீர்மானிக்கிறார்கள். தொழிலாளியின் கையில் மிஞ்சியிருப்பது, வாங்கிய எரிபொருளை எஞ்சின் எப்படி எரிக்கிறது என்பது மட்டுமே.

புகைக்குழாயிலிருந்து கரும்புகை வருவதும், படகின் பின்பலகை கறுத்துப்போவதும், தண்ணீரில் கரித்தூள் மிதப்பதும் அந்த எரிதல் சரியில்லை என்பதன் அடையாளங்கள். கரியாக வெளியேறும் எரிபொருளின் அளவு சிறியதுதான். ஆனால் கரி வருகின்ற எஞ்சின் அதே தூரத்துக்குக் கூடுதலாகக் குடிக்கிறது, கூடுதலாகச் சூடாகிறது, தேய்மானமும் விரைவாக வருகிறது. இதை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபுறம், கரி கண்டவுடன் நொசிலையும் பம்பையும் கழற்றிப் பெருந்தொகை செலவழித்து, திரும்பக் கடலில் இறக்கியதும் அதே கரியைக் காண்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு நட்டங்களையும் தவிர்க்க ஒரு வழி, தேடும் ஒழுங்கை மாற்றுவது. வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவானதற்கு என்று போக வேண்டும்.

கரி ஏன் உண்டாகிறது?

ஒரு லீற்றர் டீசலை முழுமையாக எரிக்க ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று வேண்டும். அவ்வளவு காற்று கிடைக்காதபோது, அல்லது கிடைத்த காற்றோடு டீசல் நன்றாகக் கலக்காதபோது, எரியாத கரிமம் கரியாக வெளியேறுகிறது. ஆகவே கரும்புகைக்கான காரணங்கள் எல்லாம் மூன்று கேள்விகளுக்குள் அடங்கும். எஞ்சினுக்குத் தாங்காத சுமை கொடுக்கப்படுகிறதா? காற்று போதாமல் இருக்கிறதா? எரிபொருள் கூடுதலாகவோ, துளி துளியாகவோ, நேரம் தவறியோ விழுகிறதா? இந்த ஒழுங்கிலேயே பார்ப்பதுதான் சிக்கனம்.

முதலில் புகையைப் படியுங்கள்

கறுப்பு, வெள்ளை, நீலம் என்று புகைக்கு மூன்று நிறங்கள் உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு.

கறுப்பு என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் ஆவியாக வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. விடியற்காலையில் எஞ்சின் எடுத்தவுடன் சிறிது நேரம் வெண்புகை வந்து மறைவது வழமை. சூடான பின்னும் தொடர்ந்தால்தான் பிரச்சினை. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், ரேபோ ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம்.

பின்பலகையில் படிந்த கரியை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். காய்ந்த தூளாக இருந்தால் அது கரி. வழுவழுப்பாகப் பிசுபிசுத்தால் அதில் ஒயிலோ எரியாத டீசலோ கலந்திருக்கிறது.

அடுத்தது, எப்போது வருகிறது என்பது. வேகத்தைக் கூட்டும் கணத்தில் ஒரு கொத்துப் புகை வந்து உடனே தெளிந்தால் பழைய டீசல் எஞ்சின்களில் அது சாதாரணம். சீரான வேகத்தில் ஓடும்போதும் தொடர்ந்து வந்தால் தேட வேண்டும். கியர் போடாமல் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போது புகை இல்லாமல், கியர் போட்டு ஓடும்போது மட்டும் கரி வந்தால் சுமையையும் காற்றையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெறுமனே நிற்கும்போதே கரி வந்து, எஞ்சினும் தட்டித் தட்டி ஓடினால் நொசில் பக்கம் பார்வை திரும்பலாம்.

சுமை: அதிகம் தவறவிடப்படும் காரணம்

டீசல் எஞ்சினில் ஒரு கவனர் இருக்கிறது. கேட்ட வேகம் வரவில்லை என்றால் அது டீசலைக் கூட்டிக்கொண்டே போகும். புரொப்பெல்லர் கனமாக இழுத்தால் எஞ்சினால் அந்த வேகத்தை எட்ட முடியாது. காற்றின் அளவு கூடாது, டீசல் மட்டும் முழு அளவில் விழும். விளைவு கரும்புகை. இங்கே எஞ்சினில் எந்தப் பழுதும் இல்லை. எவ்வளவு செலவழித்து நொசில் மாற்றினாலும் புகை நிற்காது.

படகின் அடியைப் பாருங்கள். சில மாதங்கள் கடலில் கிடந்த படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகப் பாடுபடும். புரொப்பெல்லரில் சிப்பி பிடித்தாலும், இதழ் வளைந்தாலும், அதன் அச்சில் நைலோன் கயிறோ அறுந்த வலைத்துண்டோ சுற்றியிருந்தாலும் இதே நிலைதான். அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது எஞ்சினும் அச்சும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம்.

எஞ்சின் மாற்றிய படகுகளில் இன்னொன்றும் நடக்கும். போரில் படகும் எஞ்சினும் இழந்தவர்கள் மீண்டும் தொழில் தொடங்கியபோது, கிடைத்த படகுக்குக் கிடைத்த எஞ்சினைப் பூட்டி ஓடினார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் புரொப்பெல்லரின் விட்டமும் பிற்சும் அந்த எஞ்சினின் குதிரைவலுவுக்கும் கியர் விகிதத்துக்கும் பொருந்த வேண்டும். பழைய எஞ்சினுக்குப் போட்ட புரொப்பெல்லர் புதிய எஞ்சினுக்குப் பெரிதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே கரி வரும். வாங்கியபோதே இப்படித்தான் என்று சொல்லப்படும் எஞ்சின்களில் இதை முதலில் சோதிப்பது நல்லது.

இதற்கு ஓர் உறுதியான சோதனை உண்டு. வழமையான பாரத்துடன், அமைதியான கடலில், முழு வேகத்தில் ஓட்டிச் சுழற்சி வேகத்தை அளக்க வேண்டும். உதாரணமாக எஞ்சின் தகட்டில் நிமிடத்துக்கு 2,600 சுற்று என்று எழுதியிருக்க, அது 2,200ஐத் தாண்டவில்லை என்றால் சுமை அதிகம், அல்லது எஞ்சின் தன் முழு வலுவைத் தரவில்லை. படகில் சுழற்சிமானி இல்லாவிட்டால், ஒளிபாய்ச்சி அளக்கும் கைக்கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். அடியைச் சுத்தம் செய்து, கயிற்றை அகற்றிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். எண் ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது.

காற்று: எஞ்சின் பெட்டிக்குள் மூச்சுத்திணறல்

எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஒயிலும் கரியும் உப்பும் சேர்ந்து அடைத்திருந்தால் கழுவக்கூடியதைக் கழுவி, மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். கரையில் வைத்து ஒரு நிமிடம் பில்டர் இல்லாமல் ஓட்டிப் புகை குறைகிறதா என்று பார்க்கலாம். அந்த நேரத்தில் காற்றுக்குழாயின் வாயருகே துணியோ கையோ போகக் கூடாது. பில்டர் இல்லாமல் கடலுக்குப் போகவும் கூடாது.

பில்டர் சுத்தமாக இருந்தும் கரி வந்தால் எஞ்சின் பெட்டியைக் கவனியுங்கள். மழைக்கும் அலைக்கும் தண்ணீர் போகாமல் இருக்கப் பெட்டியைச் சுற்றிப் பலகையும் பொலித்தீனும் அடிப்பது வழமை. அப்படி அடைத்த பெட்டிக்குள் காற்றும் போகாது. உள்ளே இருக்கும் காற்று சூடாகி ஐதாகிவிடும். 30 பாகை செல்சியஸ் காற்று 60 பாகைக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். அதாவது எஞ்சின் உறிஞ்சும் ஒவ்வொரு மூச்சிலும் அவ்வளவு காற்று குறைவு. பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டும்போது புகை குறைந்தால் செய்ய வேண்டியது தச்சு வேலை, மெக்கானிக் வேலை அல்ல.

ரேபோ பூட்டிய எஞ்சின் என்றால் காற்றுக்குழாய்களின் இணைப்புகளில் ஒயில் கசிவோ சீறல் சத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் தளர்ந்து ஒரு குழாய் கழன்றிருந்தாலே வலு குறைந்து கரி கொட்டும். எஞ்சின் நின்று ஆறிய பின் ரேபோ சக்கரத்தைக் கையால் சுற்றினால் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். உறையில் உரசினால் அது தேய்ந்துவிட்டது.

உள்ளே போகும் வழி போலவே வெளியே போகும் வழியும் முக்கியம். கடல்நீர் கலந்து புகையை வெளியேற்றும் எஞ்சின்களில், தண்ணீர் கலக்கும் முழங்கைக் குழாய் துருவும் கரியும் உப்பும் படிந்து உள்ளே சிறுத்துப்போகும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். கழற்றினால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை மிஞ்சியிருக்கும். புகை வெளியேற முடியாவிட்டால் புதிய காற்று உள்ளே வர இடமில்லை. கழற்றுவதற்கு ஒரு கஸ்கற்றும் சிறிது நேரமும்தான் செலவு. உலர் புகைக்குழாய் என்றால் சைலன்சர் உள்ளே உடைந்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் பெட்டியின் உட்புறமே கறுத்திருந்தால் புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறது. அந்தக் கரியை எயார் பில்டர் மீண்டும் உறிஞ்சி அடைபடும். அடைபட்டால் இன்னும் கரி. இந்தச் சுற்றை அறுக்காமல் பில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எரிபொருள்: தாங்கியில் தொடங்குங்கள்

ஒரு கண்ணாடிப் போத்தலில் தாங்கியின் அடியிலிருந்து டீசல் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே தண்ணீர் பிரிந்தாலோ, கறுப்புச் சளிபோல் ஏதும் மிதந்தாலோ தாங்கியைக் கழுவி, பில்டர்களை மாற்றுங்கள்.

டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சமூகம் இது. கிடைத்ததைக்கொண்டு எஞ்சினை ஓட்டும் திறமை அன்று உயிர்களைக் காத்தது. ஆனால் டீசல் பம்பும் நொசிலும் டீசலின் வழுவழுப்பைக்கொண்டே தம்மைத் தேய்மானத்திலிருந்து காத்துக்கொள்பவை. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. கலந்து ஓட்டும்போது மிச்சம் பிடித்ததாகத் தோன்றும் பணம், பின்னர் பம்ப் வேலையாகத் திரும்பி வரும்.

சுமை, காற்று, டீசல் மூன்றும் சரி என்று உறுதியான பிறகுதான் நொசிலுக்கு வர வேண்டும். நொசில் நன்றாக இருந்தால் டீசல் மூடுபனிபோல் தெளிக்கப்படும். தேய்ந்தால் தாரையாகவோ துளியாகவோ விழும், எரியாமல் கரியாகும். நொசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்தால் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எப்படித் தெளிக்கிறது, சொட்டுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். அதை நேரில் பார்க்கக் கேளுங்கள். நான்கில் ஒன்று மட்டும் பழுது என்றால் அதை அறிந்துகொண்டே முடிவெடுக்கலாம்.

பம்பின் நேரம் பிந்தியிருந்தாலும் கரி வரும். வால்வு இடைவெளி மாறியிருந்தாலும் வரும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை சீறி வந்தால் ரிங் தேய்ந்து அழுத்தம் கசிகிறது. அப்போது அழுத்தச் சோதனை செய்யாமல் வேறு எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

பம்பில் டீசல் அளவைத் தீர்மானிக்கும் திருகாணி முத்திரையிடப்பட்டிருக்கும். வேகம் போதவில்லை என்று அதைத் திருகிக் கூட்டுவது சில இடங்களில் நடக்கிறது. சில நாட்களுக்கு வேகம் கூடியதுபோல் இருக்கும். பிறகு கரி, சூடு, உருகிய பிஸ்டன் என்று கணக்கு வளரும். பழைய எஞ்சின் வாங்கும்போது அந்த முத்திரை உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம்

கரையோரத்தில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை கண்ணாடியிழை வள்ளங்களில் பூட்டிய இரண்டடி மண்ணெண்ணெய் இயந்திரங்கள். இவற்றில் கரி வருவதற்கான காரணங்கள் சற்று வேறானவை.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. அதனால்தான் பெற்றோலில் எடுத்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். பெற்றோலை மிச்சம் பிடிக்க, சூடாகும் முன்பே மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் கரியாகப் படியும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டினால் அடுத்த நாள் எடுப்பதும் இலகு, படிவும் குறைவு. தேமோஸ்ரற் திறந்தபடியே இறுகிப்போனால் இயந்திரம் ஒருபோதும் சூடேறாது. அதுவும் கரிக்குக் காரணம்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கறுப்புத் தூள் என்றால் எரிபொருள் கூடுதல் அல்லது இயந்திரம் குளிர்ந்து ஓடுகிறது. சோக் முழுதாகத் திறக்கிறதா, காபரேற்றரின் மிதவை ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமான ஒயில் கறுப்பு என்றால் ஒயில் கூடுதல், அல்லது அந்தப் பிளக்கில் நெருப்பு வரவில்லை. வெள்ளையாக வெளிறியிருந்தால் அது கரியைவிட ஆபத்து. எரிபொருள் போதாமலோ தண்ணீர் சுற்றாமலோ இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

ஒயில் அளவை ஊகத்தில் ஊற்ற வேண்டாம். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். உங்கள் இயந்திரத்துக்கு எந்த விகிதம் என்பதைக் கைநூலிலோ விற்பனையாளரிடமோ உறுதிசெய்து, அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். கரி வருகிறது என்பதற்காக ஒயிலை அந்த அளவுக்குக் கீழே குறைத்தால் பிஸ்டன் இறுகி, நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடும். வாகன எஞ்சின் ஒயிலை ஊற்றுவதும் கூடாது. அது சாம்பலையும் படிவையும் கூட்டும். வெளியிணைப்பு இயந்திரத்துக்கென்று உள்ள இரண்டடி ஒயிலையே பாவியுங்கள்.

வலை இழுக்கும்போது நீண்ட நேரம் மெதுவாக ஓடுவதும் கரியைச் சேர்க்கும். கரை திரும்பும் வழியில் சில நிமிடங்கள் நல்ல வேகத்தில் ஓட்டினால் அதில் ஒரு பகுதி எரிந்து போகும்.

உயிருக்கு ஆபத்தான மூன்று இடங்கள்

முதலாவது, ஓடும் டீசல் எஞ்சினில் நொசில் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது. எந்தச் சிலிண்டர் பழுது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்யும் பழைய முறை இது. அங்கே சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் உடையது. ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் இராது. ஆனால் கையையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போனது என்று சொல்ல வேண்டும். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய எஞ்சின்களில் இந்த முறையை யாரும் செய்யவே கூடாது.

இரண்டாவது, எஞ்சின் பெட்டியருகே படுப்பது. புகைக்குழாய் கசிந்தால் மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டு வாயு மூடிய இடத்தில் சேரும். தலைவலியும் வாந்தியும் வந்தால் கடல் மயக்கம் என்று எண்ணாமல் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. கரி கக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் இருப்பவர் தொழிலாளிதான்.

மூன்றாவது, ஒயில் மட்டம் தானாக ஏறுவது. டீசல் எஞ்சினின் ஒயில் கறுப்பாக இருப்பது சாதாரணம். ஆனால் ஊற்றாமலே மட்டம் ஏறி, ஒயில் தண்ணீர்போல் நீர்த்து டீசல் மணம் வந்தால், நொசிலோ பம்போ உள்ளே கசிகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருத்திய பிறகே கடலுக்குப் போக வேண்டும்.

ஒரு பார்வையில்

வேகம் குறைவு, கியரில் மட்டும் கரி: படகின் அடி, புரொப்பெல்லர், அச்சில் கயிறு.

பெட்டி மூடியைத் திறந்தால் புகை குறைகிறது: காற்றோட்டம்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவந்த கரி: எயார் பில்டர், புகைக்குழாய் முழங்கை, நொசில் தேய்மானம்.

எரிபொருள் நிரப்பிய மறுநாள் தொடங்கிய கரி: டீசலின் தரம், தாங்கி.

நிற்கும்போதே கரி, தட்டல் சத்தம்: நொசில், பம்பின் நேரம்.

கரியோடு நீலப்புகை, மூடியில் சீறல்: ரிங் தேய்மானம்.

எஞ்சின் மாற்றிய நாளிலிருந்தே கரி: புரொப்பெல்லர் பொருத்தம், உடைந்த முத்திரை.

மெக்கானிக்கிடம் போகும்போது

ஒரு கொப்பியில் ஐந்து விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: புகையின் நிறம், எப்போது வருகிறது, முழு வேகத்தில் எத்தனை சுற்று, ஒரு பயணத்துக்கு எத்தனை லீற்றர், கடைசியாக எதை எப்போது மாற்றினீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்பது யாருக்கும் தெரியாது, பணம் மட்டும் போகும். கழற்றிய பழைய உதிரிப்பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சுழற்சி வேகம் அளக்கும் கருவியும் நொசில் சோதிக்கும் கருவியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க முடியாது. ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நினைத்தால் இறங்குதுறைக்கு ஒன்றாக வாங்கி வைக்கலாம். கணவனை இழந்த பின் வள்ளத்தை ஆள் வைத்து ஓட்டும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். எஞ்சின் பழுது என்று சொல்லப்படும் ஒவ்வொரு தடவையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். கொப்பியில் உள்ள லீற்றர் கணக்கும் சுழற்சி எண்ணும் இருந்தால், கடலுக்குப் போகாதவரும் எஞ்சினைப் பற்றிக் கேள்வி கேட்கலாம்.